முழங்கால் தட்டு ஒயின்

மார்ச் 4, ஞாயிறு
மதியம் இரண்டரை மணி. தட்டு இன்னும் கழுவவில்லை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். "இன்னும் என்ன மாமா, மாப்பிள்ளை?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். என் மகள் விவாகரத்து வாங்கியது அவள் புருஷனிடமிருந்து. எனக்கு மாப்பிள்ளை கிடையாது என்று அந்த நீதிபதி தீர்ப்பில் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். இரண்டு வருஷமாக இதே பேச்சு. இத்தோடு விடுங்கள், ஒயினுக்கு வருவோம்.

இந்த மாதம் நம் ஒப்பந்தத்தை மீறப் பார்த்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். முதல் ஞாயிறு, இரண்டு ஊரிலும் நீங்கள் சொல்கிற ஒரே பாட்டில், அவரவர் கைச்சமையல், தட்டைக் கழுவுவதற்குள் கடிதம் என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடையில் முழங்காலுக்கு மேலே இருக்கிற தட்டில் கை வைக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டீர்களே, அதுதான் என்னைக் கொல்கிறது. மலிவு ஒயினை எல்லாம் அவர்கள் தரையோடு தரையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் அந்த விதியைப் போட்டபோது உங்களுக்கு முப்பத்தொரு வயது, எனக்கு முழங்கால் இருந்தது. நேற்று குனியப் பயந்து இடுப்பு உயரத்தில் ஒரு பாட்டிலைத் தொட்டேன். யாரோ பார்ப்பது போல இருந்தது. கையை எடுத்துவிட்டுக் குனிந்தேன்.

கழுதைப் படம் போட்ட சிவப்பு. நீங்களும் அதைத்தான் திறந்திருப்பீர்கள். என் சமையல், வெண்ணெயில் முறுகவிட்ட உருளைக்கிழங்கு, கொஞ்சம் பருப்பு. சாப்பாட்டுக்கு முன்னால் முதல் வாய் குடித்தேன். நாக்கு இரண்டு பக்கமும் சுருண்டது. முப்பது வருஷம் குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் ருசி பார்த்தவன் சொல்கிறேன், பள்ளிக்கூட விடுமுறை முடிந்து முதல் நாள் திறக்கிற குழாய்த் தண்ணீர் அது. ஆனால் உருளைக்கிழங்கில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகத் தூவிவிட்டுச் சாப்பாட்டு நடுவில் இரண்டாம் வாய் குடித்தேன் பாருங்கள், கழுதை அடங்கிவிட்டது. துவர்ப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தட்டு காலியானதும் மூன்றாம் வாய். சாதுவாக, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. உப்புக்கு அடங்குகிற கழுதை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மகள் புதன்கிழமை கண்ணாடிக் கடையிலிருந்து நேராக இங்கே வந்தாள். நாள் முழுக்க யார் யார் கண்ணையோ சோதித்துவிட்டு வருகிறவள், வந்ததும் மேசை மேல் இருந்த உங்கள் உறையைத்தான் பார்த்தாள். "என்னப்பா, உங்க ஆளு எழுதியிருக்காரா?" என்றாள். ஆமாம் என்றேன். "கடைசி வரியில என்னை நலமான்னு கேட்டிருப்பாரே. நலம்னு எழுதிடுங்க."

எழுதிவிட்டேன். நலம்.

எனக்குத்தான் குனிந்து எழுந்ததிலிருந்து வலது முழங்கால் தனிக்குடித்தனம் கேட்கிறது.

அன்புடன்,
உங்கள் மாமா


மார்ச் 9, வெள்ளி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

வணக்கம். ஞாயிறு மதியமே எழுதத் தொடங்கிவிட்டேன், முடித்து உறை போட்டுத் தபாலில் சேர்க்க இன்றுதான் நேரம் கிடைத்தது. பதினோரு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்டுக்கு வடக்கம்பி மாற்றினோம். நாலு நாளாக அந்தக் குழிக்குள்தான் குடியிருந்தேன்.

கழுதை எனக்கு அடங்கவில்லை மாமா. நான் செய்த தப்பு, முட்டை. இரண்டு முட்டையை மஞ்சள் கரு உடையாமல் பொரித்து, ரொட்டி வாட்டி, பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்தேன். இரண்டாம் வாயில் பித்தளைச் சாவியை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. முட்டைக்கும் இந்தச் சிவப்புக்கும் ஏழாம் பொருத்தம். எழுந்து போய் ஒரு வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, மேலே கொட்டிக்கொண்டேன். அப்புறம் கொஞ்சம் சமாதானத்துக்கு வந்தார்கள். மூன்றாம் வாய் குடிக்கும்போது அவளுடைய பழைய மழைக்கோட்டு ஞாபகம் வந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டி, நனைந்தது காயும்போது வருமே, அந்த வாசனை. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அது அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிஷம். அழ ஆரம்பித்துவிட்டார். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன். கழுதை ஒயின் கதை, முட்டைக் கதை எல்லாம் சொன்னேன். வெளியே வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுல இருக்கறவங்க குடுத்து வச்சவங்க, நல்லா பேசுறீங்க" என்றார்.

உங்கள் மகள் வீட்டைவிட்டுப் போன அன்று சொன்னது இதுதானே. "நீங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட மட்டும்தான் பேசுவீங்க. நானும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், என்ன, என் கதவு திறந்திருக்கு." அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது விதவிதமாக வருகிறது.

மற்றபடி, அவள் நலமா?

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றே எழுதியிருக்க வேண்டும். தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டேன். கடிதம் மட்டும் வரவில்லை. ஒயினைப் பற்றி எழுத எதுவும் இல்லாமல் இல்லை. படகு லேபிள் வெள்ளை, நன்றாகக் குளிரவைத்தேன். முட்டைக்கோஸை மிளகு போட்டு வதக்கியிருந்தேன். படகு மேல் எனக்குப் புகார் இல்லை. சுத்தமான ஒயின். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் "குறிப்பிடும்படி ஏதுமில்லை" என்று எழுதுவோம், தண்ணீருக்கு அதுதான் நாங்கள் தருகிற அதிகபட்சப் பாராட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மகள் மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள். ஜூன் மாதம். அவர் கால்நடை மருத்துவர், அவளைவிட நாலு வயது மூத்தவர். நாய், பூனை, பக்கத்துப் பண்ணையின் மாடு என்று நாளெல்லாம் வாயில்லாத ஜீவன்களோடு இருப்பதாலோ என்னவோ, மனிதர்களைக் கண்டால் நிறைய பேசுகிறார். மூன்றாவது ஆள் வாய்வழியாக உங்கள் காதுக்கு வருவதைவிட நான் சொல்வதுதான் முறை என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் கேட்டேன், "அவருக்கு நான் சொல்லலாமா?" என்று. "சொல்லுங்கப்பா. ஆனா ஒண்ணு கேக்கறேன். அவர் உங்களுக்கு எழுதுறாரா, எனக்கு எழுதுறாரா?" என்றாள். எனக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு அந்தக் கேள்வி போகவில்லை.

எனக்கு உங்கள் கடிதம் வேண்டும் மாப்பிள்ளை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். மாதத்தில் அந்த ஒரு ஞாயிறுதான் நான் சாப்பாட்டைச் சாப்பாடாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மற்ற நாளெல்லாம் அடுப்பு ஓரத்தில் நின்றபடியே முடிந்துவிடுகிறது.

முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். கேட்கிற பாடாக இல்லை.

அன்புடன்,
உங்கள் மாமா


ஏப்ரல் 11, புதன்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். தகவல் சொன்னதற்கு நன்றி. மிக்க மகிழ்ச்சி என்று தெரிவியுங்கள்.

படகு ஒயினை நானும் குடித்தேன். மீன் வறுத்தேன். ருசிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு மிச்சத்தைத் திறந்து குடித்தேன், அப்போதும் ருசிக்கவில்லை. படகு மேல் தப்பில்லை.

மாப்பிள்ளை என்ற சொல்லை இனி அவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு மகள், இரண்டு மாப்பிள்ளை என்றால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். நான் அப்படிக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

அவர் என்ன ஒயின் குடிப்பார்? மருத்துவர் என்றால் மேல் தட்டாகத்தான் இருக்கும். நிறைய பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. அவளுக்கு அது பிடிக்கும். காலையில் அவள் எழுந்தவுடன் யாரும் பேசக் கூடாது, முதல் காப்பி இறங்க வேண்டும், அதை மட்டும் யாராவது அவரிடம் சொன்னால் நல்லது.

மற்றபடி, அவள் நலமா? சந்தோஷமாக இருக்கிறாளா?

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


மே 7, திங்கள்

அன்புள்ளவருக்கு,

(என்ன போட்டு எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். உங்களால்தான்.)

நேற்று மருத்துவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வெறும் கையோடு வரவில்லை, பையோடு வந்தார். மூன்று பேருமாகத் தக்காளியில் வேகவைத்த பீன்ஸ், சோறு, வெள்ளரிக்காய் சாப்பிட்டோம். அவர் பேசினார், நாங்கள் சாப்பிட்டோம். நல்ல மனிதர். எனக்கு அவரிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுவே ஒரு குறையாக இருக்கிறது.

இத்துடன் ஒரு சிறிய பார்சல் வருகிறது. என் பழைய ஆய்வுக்கூடக் குப்பிகள் இரண்டு. ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டியிருக்கிறேன். கழுத்துவரை நிரப்பி மெழுகு வைத்து மூடியிருக்கிறேன், கெட்டுப்போகாது. வந்த அன்றே திறந்து, ஏதாவது சாதாரணச் சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள். எது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். கேள்வி கேட்காதீர்கள்.

முழங்கால் வீங்கியிருக்கிறது. அதனால் குனியவில்லை, நீங்களும் இந்த மாதம் எந்தப் பாட்டில் என்று எழுதவில்லை.

அன்புடன்,
மாமா


மே 13, ஞாயிறு

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். பார்சல் உடையாமல் வந்தது. கேள்வி கேட்காதீர்கள் என்றீர்கள், கேட்கவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க எனக்கு அறிவு இருக்கிறது.

நீங்கள் செய்த அதே பீன்ஸ், அதே சோறு. இரண்டு கிளாஸ் வைத்தேன்.

குப்பி ஒன்று. இது கோட்டுப் போட்ட ஒயின். வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, எங்கேயும் நிற்பதில்லை. நல்ல மணம், மறுப்பதற்கில்லை. ஆனால் குளிர்ந்த மணம், வாடகைக்கு விடாத வீட்டைத் திறந்த மாதிரி. சாப்பாட்டைக் கவனிக்கவே இல்லை, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறது. மேல் தட்டில் இருந்து வந்தது என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. இதைக் குடிக்கிற வீட்டில் யாரும் யாரையும் தேட மாட்டார்கள்.

குப்பி இரண்டு. இது நம்முடையது. முரடுதான். தொண்டையில் ஒரு நிமிஷம் நின்று, யார் நீ என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. ஆனால் தக்காளிப் புளிப்போடு சேர்ந்தபோது, மாமா, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் குடிபோன முதல் வீட்டில் மேசைகூடக் கிடையாது. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அவளும் நானும் தரையில் உட்கார்ந்து இதே மாதிரி ஒன்றைக் குடித்தோம். ஒரே கிளாஸ். அவள் உதடு பட்ட இடம் வந்தால் நான் திருப்பிவைத்துக் குடிப்பேன், அவள் கிண்டல் செய்வாள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து எதற்காக எனக்கு அனுப்பினீர்கள் என்று தெரியவில்லை. நான் தோற்றவன் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் நாக்கைக் கேட்டால் நாக்கு இரண்டாவதுதான் என்கிறது. இதை அவளிடம் வாசித்துக் காட்டினாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை.

மற்றபடி, அவள் நலமா?

லிஃப்ட் மெக்கானிக்


மே 20, ஞாயிறு

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டவில்லை. என் மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டேன்.

இரண்டு குப்பியிலும் இருந்தது ஒரே ஒயின். ஒரே பாட்டில். மார்ச் மாதத்துக் கழுதை ஞாபகம் இருக்கிறதா? அதேதான். அன்று திரும்பக் குனிய முடியாது என்று பயந்து இரண்டு வாங்கியிருந்தேன். மருத்துவர் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார். அவர் பையில் இருந்தது ஆரஞ்சுப் பழம்.

கோபம் வரும். வரட்டும். செய்தது சரியா என்று நானே இரண்டு நாளாக யோசித்துவிட்டேன், முழுக்கச் சரி என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஏன் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ருசி பார்க்கிறவன் காலையில் வெங்காயம் தொடக்கூடாது, புகையிலை கூடாது. அவன் நாக்கு ஆபீஸ் சொத்து. ஆனால் நாக்கு சுத்தமாக இருந்தால் போதாது என்று எங்கள் மேலதிகாரிக்குத் தெரியும். சில நாட்களில் இரண்டு குப்பியிலும் ஒரே தொட்டித் தண்ணீரை நிரப்பி, வேறு வேறு எண் ஒட்டி அனுப்புவார். யாராவது "இரண்டும் வேறு" என்று எழுதினால் திட்டமாட்டார். கூப்பிட்டு, "வீட்டுல என்னப்பா பிரச்சினை?" என்பார். ஒரு வாரம் லீவு கொடுத்துவிடுவார். என் மனைவி இறந்த வருஷம் எனக்கும் அந்த லீவு கிடைத்தது. ஒரே தண்ணீரில் ஒன்று கசக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

மகள் அன்று கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் குப்பிகளை எடுத்தேன். உங்கள் கடிதம் பதில் சொல்லிவிட்டது. அந்தக் கழுதையில் கோட்டும் இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை. எல்லாம் நீங்கள் கொண்டுவந்து ஊற்றியது.

பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். முட்டையில் தொடங்கினால் மழைக்கோட்டில் முடிக்கிறீர்கள். மீனில் தொடங்கினால் அவள் காலைக் காப்பியில் முடிக்கிறீர்கள். நான் அந்த லிஃப்ட் கதவு மாதிரி இருந்திருக்கிறேன். நீங்கள் வெளியே உட்கார்ந்து உள்ளே இருக்கிறவளிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே யாரும் இல்லை. அவள் எப்போதோ படியில் இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு வலிக்கிறது, சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வருஷத்தில் என் முழங்காலைப் பற்றி எத்தனை தடவை எழுதியிருப்பேன்? கிழவன் புலம்பல் என்று நீங்கள் தாண்டிப் போயிருக்கலாம். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்வோம். உங்களுக்கும் லீவு. எனக்கு என்று ஒரு கடிதம் எழுத வரும்வரை எழுதவேண்டாம். அப்படி ஒன்று வரவே வராது என்றால், அதுவும் சரி. எட்டு வருஷம் எனக்கு நல்ல துணையாக இருந்தீர்கள். அந்த நன்றி எப்போதும் உண்டு.

அன்பு குறையாமல்,
மாமா


ஜூலை 2, திங்கள்

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

எழுதவேண்டாம் என்று உங்களுக்குத்தான் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் நல்லபடியாக முடிந்தது. பதிவு அலுவலகத்தில் இரண்டு கையெழுத்து, அப்புறம் எல்லோருமாக ஒரு சாப்பாடு. அவர்கள் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டார்கள். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அது என் கடமை, சந்தோஷமாகவே செய்தேன். இதை உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. உங்களிடம் மறைத்து எழுதினால் அப்புறம் எதை எழுதுவது?

நேற்று முதல் ஞாயிறு. உங்களிடமிருந்து எந்தப் பாட்டில் என்று தகவல் இல்லை. ஜூனிலும் இல்லை. நானே ஒன்றைப் பார்த்து எடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். கீழ்த்தட்டில், மூலையில், லேபிள் கோணலாக ஒட்டிய சிவப்பு ஒன்று இருந்தது. குனிந்தேன். குனிந்தது குனிந்ததுதான், எழ வரவில்லை. அப்படியே பாட்டிலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்லாவில் இருக்கிற பெண் ஓடிவந்து, "ஐயா, இங்கயே திறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவளும் இன்னொரு ஆளும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

பாட்டிலை வாங்கிவந்து மேசையில் வைத்தேன். திறக்கவில்லை. மூன்று வாய் குடித்து யாருக்கு எழுதுவது? ரொட்டியை நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

கட்டுப் போட்டிருக்கிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

மாமா


ஜூலை 15, ஞாயிறு
மதியம் மூன்று மணி. தட்டு தண்ணீர்த்தொட்டியில் கிடக்கிறது.

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இன்று முதல் ஞாயிறு இல்லை, தெரியும். அதுவரை பொறுக்க முடியவில்லை.

குப்பி விஷயம் தெரிந்த அன்று உங்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று நாள் குப்பிகளைக் கண்ணில் படாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நாலாம் நாள் இரண்டு குப்பியிலும் மிச்சம் இருந்ததை ஒரே கிளாசில் ஊற்றிக் குடித்தேன். கழுதைதான். வேறு எதுவும் இல்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டுப் போட்டு, வீட்டைப் பூட்டி, எவ்வளவு எழுதியிருக்கிறேன்! அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து டிராயரிலிருந்து எடுத்துக் கிழித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு நாலு கடிதம் எழுதினேன். நாலையும் அனுப்பவில்லை. எப்படி எழுதினாலும் கடைசியில் அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துவிடும். எழுதிவிட்டுப் பார்ப்பேன், இருக்கும். கிழித்துவிடுவேன். பத்து நாளுக்கு முன்னால் நீங்கள் கடையில் தரையில் உட்கார்ந்த கடிதம் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திப் படித்தேன். ஜூன் பற்றி எழுதியதைத் தாண்டி, அந்தப் பாட்டிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்துக்கு வந்ததும் அதையே மறுபடி படித்தேன். அந்த விதியைப் போட்டவன் நான். எட்டு வருஷமாக உங்களைக் குனியவைத்திருக்கிறேன். உங்களை மனதில் வைத்துப் போட்ட விதி இல்லை அது, என்னால் அவ்வளவுதான் வாங்க முடியும் என்பதற்காகப் போட்டது. அதைக்கூட நான் உங்களிடம் சொன்னதில்லை.

இன்று கடைக்குப் போனேன். கோணல் லேபிள் சிவப்பு இங்கேயும் இருக்கிறது, கோணல் எல்லாப் பாட்டிலிலும் ஒரே மாதிரி. என் சமையல், பருப்பு, பூண்டு கொஞ்சம் தாராளம், நெய் ஒரு கரண்டி, சோறு. முதல் வாய் புளிப்பு, பச்சைத் திராட்சைக் கொட்டையைக் கடித்த மாதிரி. இரண்டாம் வாயில் நெய் அதை வட்டமாக்கிவிட்டது. பூண்டோடு மட்டும் லேசாக மல்லுக்கு நின்றது. மூன்றாம் வாயில் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரத்தூள். அவ்வளவுதான். அது எதையும் ஞாபகப்படுத்தவில்லை. பருப்பும் ஒயினும் மாதிரியே இருந்தது. தட்டு காலியான பிறகு ஒரு வாய்க்குப் பதில் இரண்டு வாய் குடித்தேன், நன்றாக இருந்ததால்.

உங்கள் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஆகஸ்ட் ஐந்து, முதல் ஞாயிறு, காலை ரயிலில் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன், அன்று எந்த லிஃப்ட் நின்றாலும் வேறு ஆள் போவான். பருப்பு நான் செய்கிறேன். உருளைக்கிழங்கு உங்கள் கை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உப்புப் போடலாம். கடைக்கு இனி நீங்கள் தனியாகப் போனால் இடுப்புத் தட்டில்தான் எடுக்க வேண்டும், விதியை மாற்றிவிட்டேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் வருகிற மாதங்களில் கீழ்த்தட்டுக்கு நான் குனிகிறேன்.

மாப்பிள்ளை என்ற சொல்லைத் திருப்பிக் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் என்று போட்டிருந்தீர்கள், அதுவே பழகிவிட்டது. மாமா என்று கூப்பிடுவதை மட்டும் நான் விடமாட்டேன். அதற்கு எந்தப் பதிவு அலுவலகத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

மற்றபடி, முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள்
லிஃப்ட்காரன்